புடவைக்கடையை விட்டு நோயாளி பராமரிக்கும் வேலைக்குப் போகலாமா?

கடைத்தெருக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 37, கலியாணமாகி இரண்டு பிள்ளைகள், வீடு மானிப்பாய்ப் பக்கம். உயர்தரம் கலைப்பிரிவில் எடுத்தேன், பெறுபேறு சரிவரவில்லை. அன்றிலிருந்து யாழ்ப்பாணம் பெரிய கடைப் பகுதியில் ஒரு புடவைக்கடையில் வேலை. காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் இரவு எட்டு மணி வரை கால் கடுக்க நின்று சேலை விரிக்க வேண்டும். மாதம் 42,000 ரூபாய். தீபாவளி, பொங்கல் வந்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். இப்போது முதலாளியின் மகன் கடையைப் பொறுப்பெடுத்திருக்கிறார். இனி ஒன்லைனில் விற்கப்போகிறாராம், ஆட்களைக் குறைக்கப்போகிறாராம். குறைக்கிற ஆட்களில் நானும் ஒருவன் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

போன வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் இழுத்ததோடு பேச்சும் போய்விட்டது. போதனா வைத்தியசாலையில் சில கிழமை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிசியோதெரபி செய்த பிள்ளை எனக்கு ஒரு விசயம் நன்றாகக் காட்டித் தந்தார். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரையை அப்பாவின் நல்ல பக்கமாகப் போட வேண்டும். இழுத்த காலின் முழங்காலுக்கு என் முழங்காலால் முட்டுக் கொடுக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். அம்மாவால் ஏலாது, தங்கச்சி சுவிஸில். கடைக்குப் போகுமுன்னும் வந்த பிறகும் எல்லாம் நான்தான். ஆவணியில் அப்பா போய்விட்டார்.

அந்தியேட்டி அன்று பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எங்கட இவரைப் பார்க்க ஒரு ஆம்பிளை ஆள் தேவை, மகன் கனடாவிலயிருந்து காசு அனுப்புவான், நீர் வாறீரோ?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இப்போது இரவில் படுத்தால் அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

மனிசி, உங்களுக்குச் சரியென்றால் எனக்குச் சரி என்கிறா. மச்சான்தான், உயர்தரம் வரை படித்த நீர் பாம்பஸ் மாத்தப் போறீரோ என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

இந்த வேலையில் ஏற்கெனவே இருப்பவர்கள் சொல்லுங்கள். சான்றிதழ் கட்டாயம் வேண்டுமா, எங்கே படிப்பது? இரவும் அங்கேயே தங்க வேண்டுமா? குடும்பத்தை இதில் நடத்தலாமா? இன்னுமொன்று, அப்பாவைப் பார்த்தது போல வேறொருவரைப் பார்க்க மனம் வருமா?

இணுவில் பெடியன் எழுதுகிறார்:

அண்ணை, ஊரில் நின்று ஏன் மினக்கெடுகிறீர்கள்? இதே வேலைக்கு ஜப்பான் ஆள் எடுக்கிறது. 2019இல் இலங்கையும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்தபிறகு பராமரிப்பு உட்படச் சில தொழில்களுக்கென்று ஒரு விசா இருக்கிறது. ஜப்பான் மொழி அடிப்படைப் பரீட்சை ஒன்று, பராமரிப்புத் திறன் பரீட்சை ஒன்று, பராமரிப்பு வேலைக்கான ஜப்பான் மொழிப் பரீட்சை ஒன்று, மூன்றும் பாஸ் பண்ண வேண்டும். என்னுடைய சிநேகிதன் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் மொழி வகுப்புக்குப் போகிறான். ஏஜென்சிக்காரனிடம் காசு கொடுக்குமுன் அவனுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொக்குவில் அக்கா எழுதுகிறார்:

தம்பி பெடியன், அவர் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற மனுசன், வயது போன தாயும் வீட்டில். ஜப்பான் பிறகு பார்க்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

கடைத்தெருத் தம்பி, உங்கள் மச்சானுடைய கதையை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். நாரி (கீழ்முதுகு) பிடித்து நாலு நாள் கட்டிலில் கிடந்தால் அந்த வாய் தானாக அடங்கும்.

நான் முன்பு தையல்காரி. கலியாணச் சட்டை தைத்துத் தைத்துக் கண் போய், ஊசிக்கு நூல் கோர்க்கவே மகளைக் கூப்பிட வேண்டி வந்தபோதுதான் இந்த வேலைக்கு வந்தேன். இப்போது கன வருடமாகிவிட்டது. கோண்டாவில், நல்லூர், அரியாலை, கொஞ்சக்காலம் உடுப்பிட்டி என்று எத்தனையோ வீடுகள். எல்லா வீடும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். மேல்மாடி பூட்டிக் கிடக்கும், முன்விறாந்தையில் கிறில் போட்டிருக்கும், கீழே ஒரு அறையில் கட்டில். சுவரில் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில். காசு இருக்கிறது, கை இல்லை. அதனால்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது. அதிலும் ஆம்பிளை ஆட்கள் மிகக் குறைவு. பொம்பிளை கழுவிவிட அந்தக் காலத்து ஐயாமார் லேசில் விடமாட்டார்கள். நல்லூரில் ஒரு ஐயா என்னைச் சாரத்தில் கைவைக்க விடாமல் அரை நாள் ஈரத்தோடு கிடந்தார். பிறகு பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டுத்தான் மாற்றினோம். ஆகவே உங்களுக்கு வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம்.

எல்லோரும் பாம்பஸ் மாற்றுவதைத்தான் பெரிய விசயமாகக் கதைப்பார்கள். அது பத்து நிமிட வேலை, ஒரு கிழமையில் மூக்குப் பழகிவிடும். உண்மையான வேலை புரட்டுவதிலும் தீத்துவதிலும் (ஊட்டுவதிலும்) இருக்கிறது.

எழும்ப ஏலாமல் கிடக்கிறவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்ட வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். புரட்டும்போது இழுக்கக் கூடாது. கீழே குறுக்காக ஒரு சீலை போட்டு, அந்தச் சீலையோடு சேர்த்து ஆளைத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் குண்டிப்பக்கத்துத் தோல் உராய்ந்து உரிந்துவிடும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் முட்டாமல் கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று. காலையில் கழுவும்போது நாரிக்குக் கீழ், இடுப்பெலும்பு, குதிகால், காதுமடல் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அமத்திப் பாருங்கள். வெளிறித் திரும்பச் சிவந்தால் பயமில்லை. அமத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கம் இனிப் படுக்கவிடக் கூடாது, அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். சில வீடுகளில் அந்த இடத்துக்கு ஸ்பிரிட் தேய்க்கச் சொல்வார்கள், பவுடர் அள்ளிப் போடச் சொல்வார்கள். இரண்டும் கூடாது. உருவிவிடவும் கூடாது. தோலுக்குள் ஏற்கெனவே நைந்திருப்பது இன்னும் நைந்துபோகும்.

சாப்பாடு இதைவிடப் பயம். பாரிசவாதம் வந்தவருக்குச் சோறு புரையேறும் என்று நினைத்துச் சனம் தண்ணியும் தேத்தண்ணியுமாகக் கொடுக்கும். உண்மையில் தண்ணிதான் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும். தடிப்பான கஞ்சி மெல்லப் போவதால் அது பத்திரம். எவ்வளவு தடிப்பு என்பதை ஆஸ்பத்திரியில் விழுங்கிப் பார்க்கச் சொல்லிச் சோதித்துச் சொல்வார்கள். நிமிர்த்தி இருத்தி, நாடியை (முகவாயை) கொஞ்சம் கீழே வைத்து, நல்ல பக்கத்துக் கன்னத்தில் சின்னக் கரண்டியால் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. முடிந்தபின் இழுத்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணித்தியாலம் படுக்கவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்துக் கதைக்கும்போது குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் போகும். அவசரக்காரர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார். சேலை எடுக்க வந்த சனத்துக்கு முப்பது சேலை விரித்து, ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களையும் சிரித்து அனுப்பிய உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறதி வருத்தக்காரர் வேறு உலகம். அரியாலையில் ஒரு அம்மாவை வைத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு ஒழுங்கையில் வெடி போட்டார்கள். அம்மா கட்டிலை விட்டு இறங்கி, தலையணை உறைக்குள் இரண்டு சேலையையும் சாமிப் படத்தையும் திணித்துக்கொண்டு, "பிள்ளை கெதியா வா, பாலம் அடைச்சிடுவாங்கள், சாவகச்சேரிக்குப் போயிடுவம்" என்கிறா. அவவுக்கு அது 1995 ஒக்டோபர் 30. சண்டை நேரம் ஊரே ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனதை உங்கள் வயதுக்கு அரைகுறையாக நினைவிருக்கும். சண்டை முடிந்து எத்தனை வருடம், இப்போது ஒன்றுமில்லை அம்மா என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று என்னையே அடிக்க வந்தா. பிறகு நானும் சேலையை மடித்துக் கொடுத்து, "சரி அம்மா, வழியில சாப்பாடு கிடையாது, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போவம்" என்றேன். சாப்பிட்டா. சாப்பிட்டதும் போகிற கதை மறந்துவிட்டது. மறதிக்காரரோடு வாதாடி வென்றவர் யாரும் இல்லை, கதையை வேறு பக்கம் திருப்பத் தெரிய வேண்டும்.

இனிக் காசும் கமராவும். பிள்ளைகள் அறைக்குள் கமரா பூட்டுவார்கள். பூட்டட்டும், கோபிக்காதீர்கள். கள்ள வேலை செய்யாதவருக்கு அது சாட்சி. ஆனால் கழுவும்போது, உடுப்பு மாற்றும்போது கமராவைத் திருப்பிவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது ஐயாவின் மானம். வட்ஸ்அப்பில் மூத்த மகள் பாரிஸிலிருந்து பாணைத் தோய்த்துக் கொடு என்பா, சின்ன மகன் ரொறன்ரோவிலிருந்து பாண் கொடுக்காதே என்பார். ரொறன்ரோவில் பகல், எங்களுக்கு இரவு ஒன்றரை மணி. எனக்குச் சொல்ல ஒரு ஆள் மட்டும், அது யார் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஒரு கொப்பி வைத்திருங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு சலம் (சிறுநீர்) போனது, பிறசர் எவ்வளவு, எந்தக் குளிசை கொடுத்தது, எந்தப் பக்கம் படுக்க வைத்தது. டொக்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். வீட்டுக் காசு, வங்கிப் புத்தகம், நகை எதையும் கையால் தொடாதீர்கள். கடைக்குப் போய் வந்தால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

வீட்டோடு நின்று பார்ப்பதற்குப் பகலுக்கு வருவதைவிடக் கூடக் கிடைக்கும். ஆனால் இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கொருக்கால் எழும்ப வேண்டியிருந்தால் அது இரண்டு பேருடைய வேலை. ஒருவருடைய சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் மாதக்கடைசியில் தருவோம் என்றார்கள். ஆள் மாதம் முடியுமுன் செத்துப்போக, செத்தவீட்டுச் செலவு கூடிவிட்டது என்று பாதியைத்தான் தந்தார்கள். அன்றிலிருந்து நான் கிழமைக் கணக்கு. கிழமைக்கு ஒரு நாள் லீவு, சாப்பாடு யார் பொறுப்பு, ஆஸ்பத்திரியில் மறித்தால் அங்கே நிற்பதற்கு என்ன கணக்கு, எல்லாவற்றையும் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் வருமா என்று கேட்டீர்கள். அப்பாவைப் பார்த்த மாதிரி வராது, வரவும் தேவையில்லை. உங்கள் அப்பாவைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறியிருக்கும். மற்றவர் அப்பாவோடு கை பதறாது. அதனால் வேலை இன்னும் வடிவாக ஓடும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி எழுதுகிறார்:

கொக்குவில் அக்கா சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. புரட்டுவது பற்றிச் சொன்னதை வார்ட்டில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். நான் தாதியாக இருந்த ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில் எல்லை. நீங்கள் தாதி அல்ல, நோயாளிக்கு உதவுகிற பராமரிப்பாளர். தாதி ஆவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம், மூன்று வருடப் பயிற்சி, தாதியாகப் பதிவு எல்லாம் வேண்டும். உங்களுக்கு அந்த வழி இனி இல்லை, தேவையுமில்லை. ஆனால் வீட்டார் காசை மிச்சம் பிடிக்க உங்களையே நேர்ஸ் என்று அயலுக்குச் சொல்லி, நரம்பில் ஊசி போடு, மூக்குக் குழாயை மாற்று, சலம் போகிற குழாயான கதீற்றரைக் கழற்றிப் போடு என்பார்கள். செய்யாதீர்கள். தெரிந்தாலும் செய்யாதீர்கள். பிசகினால் அந்தப் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து உங்களுக்காகப் பொலிசில் கதைக்கமாட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது அதைக் காவல் பார்ப்பது. கதீற்றர் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்திலும் முட்டக் கூடாது. கதிரையில் இருத்தும்போது அந்தப் பையைத் தூக்கி மடியில் வைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சலம் திரும்பி உள்ளே ஓடி, காய்ச்சல் வந்து வார்ட்டுக்கு வருவார்கள். மூக்குக் குழாயால் சாப்பாடு போகிறவரைத் தலைப்பக்கம் 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தி வைக்க வேண்டும். குழாயில் போட்ட அடையாளம் இடம் மாறியிருந்தால் ஒரு சொட்டும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது சலரோகம், அதாவது நீரிழிவு. எங்கள் ஊரில் கட்டிலில் கிடக்கிற பாதிப்பேருக்கு அதுவும் கூடவே இருக்கும். இன்சுலின் போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கந்தசஷ்டி வந்தால் பாருங்கள், காலையில் இன்சுலினும் போட்டுவிட்டு, ஆறு நாளும் விரதம், இளநீர் மட்டும்தான் என்று அடம்பிடிப்பார்கள். விரதம் பிடிக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வேர்த்து, நடுங்கி, தொடர்பில்லாமல் கதைத்தால் உடனே இரத்தத்தில் சீனி பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். முகம் கோணுவது, ஒரு கை விழுவது, வாய் குழறுவது என்றாலும் அதே நம்பர்தான். இரத்தக்கட்டி கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் கணக்கு, விடியட்டும் பார்ப்போம் என்று இருந்தால் அந்த நேரம் போய்விடும்.

குளிக்க வார்ப்பதையும் சொல்ல வேண்டும். பாத்றூம் இருந்தாலும் எங்கள் ஆட்களுக்குக் கிணற்றடியில் வார்த்தால்தான் குளித்த மாதிரி. பாசி பிடித்த சீமெந்தில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து வந்தவர்கள் எத்தனை பேர். கிணற்றடிதான் வேண்டுமென்றால் பாசியைத் தேய்த்துக் கழுவி, கை வைத்த கதிரையில் இருத்தி வாருங்கள். சுடுதண்ணி என்றால் முதலில் உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள். சலரோகக்காரருக்குக் காலில் சூடு தெரியாது, தோல் வெந்தபிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றி. என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) தரத்தில் பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது, மூன்றாம் நான்காம் மட்டங்களில். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுள்ள நிறுவனமா, அந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்கு என்.வி.கியூ அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுச் சேருங்கள். சில இடங்களில் நிறுவனத்துக்குப் பதிவு இருக்கும், நீங்கள் சேருகிற பயிற்சிக்கு இருக்காது. வார்ட்டிலோ முதியோர் இல்லத்திலோ நேரில் நின்று பழகவிடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பொம்மையைப் புரட்டிப் பழகியவர் 80 கிலோ ஆளைப் புரட்டும்போது தன் நாரியை உடைத்துக்கொள்வார். வேலை செய்து அனுபவம் இருப்பவர்களைச் சோதித்துப் பார்த்தும் என்.வி.கியூ கொடுக்கிற முறை இருக்கிறது, வருடக்கணக்காகச் செய்கிற கொக்குவில் அக்காவுக்கு அது பொருந்தும். கூடவே செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென்ட் ஜோன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி எடுங்கள், அது நாள்கணக்கில் முடிந்துவிடும்.

தூரத்து மகள் எழுதுகிறார்:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், அம்மா உரும்பிராயில். கமரா பூட்டிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி, அக்கா! கழுவும்போது திருப்பிவிடச் சொன்னது எனக்கு இதுவரை தோன்றவேயில்லை. இன்றைக்கே தம்பிக்குச் சொல்லிவிட்டேன்.

ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், கடைத்தெரு அண்ணா. சான்றிதழ் இருந்தால் சந்தோசம், ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது இதற்கு முன் பார்த்த வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடியும்போது ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நற்சான்றும் கிராம அலுவலர் சான்றும் கையில் இருந்தால் நீங்கள் கேட்கிற சம்பளத்துக்கு அவ்வளவாகப் பேரம் பேசமாட்டோம்.

எங்களுக்கு வந்த பிரச்சினை வேறு. நல்ல ஆளாகக் கிடைப்பார், அம்மாவும் பழகிவிடுவா, பிறகு நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் ஆள் அரைகுறை, சொல்லாமல் நின்றுவிடுவார். லீவு எடுங்கள், யார் வேண்டாமென்றது? இரண்டு நாள் முன்னுக்குச் சொன்னால் சித்தியைக் கூப்பிட்டு ஒழுங்கு பண்ணுவோம். இங்கே இரவு இரண்டு மணிக்குக் கமராவைத் திறந்து அம்மா தனியாகக் கட்டிலில் இருப்பதைப் பார்த்தால் என்ன செய்வது சொல்லுங்கள்.

நிறுவனம் மூலமாக எடுத்தும் பார்த்தோம். நாங்கள் கட்டுகிற காசில் எவ்வளவு அந்தப் பிள்ளைக்குப் போகிறது என்று ஒருநாள் அவவிடமே கேட்டேன். அவ சொன்ன தொகையைக் கேட்டபிறகு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கொக்குவில் அக்கா எழுதுகிறார்:

நிறுவனத்துக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது மகள். ஒழுங்கான நிறுவனம் என்றால் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: நாங்கள் நூற்றுக்கு 8, அவர்கள் 12. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் அவர்களே 3. நேரே வீடுகளில் வேலை செய்கிற எனக்கு அது ஒன்றும் இல்லை, வயது போனால் நான்தான் எனக்குப் பென்சன். தம்பிக்கு 37 வயது, அவர் இதை யோசிக்க வேண்டும். புடவைக்கடையில் இத்தனை வருடம் கட்டினார்களா என்றும் போய்க் கேளுங்கள் தம்பி. ஐந்து வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் வேலை செய்தவருக்கு, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த கடை என்றால், விட்டுப்போகும்போது பணிக்கொடையும் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அவர்களாக ஆளைக் குறைக்குமுன் கோபத்தில் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைத்தெருக்காரன் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. பணிக்கொடைக் கதை எனக்குத் தெரியவே தெரியாது. கடையில் கணக்குப்பிள்ளையிடம் மெல்ல விசாரித்தேன், கிளைக்கடையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். மகனுக்கு இது தெரியுமோ தெரியாது, முதலாளிக்குக் கட்டாயம் தெரியும். சேமலாப நிதிக்கு என் அங்கத்துவ நம்பர் இருக்கிறது, போன வருடம் வரை கட்டியிருக்கிறார்கள்.

மனிசியோடு இருந்து கணக்குப் பார்த்தோம். கடையை உடனே விடுவதில்லை என்று முடிவு. மிஸ்ஸி சொன்ன மாதிரி இரண்டு கேள்வியையும் கேட்டுக்கொண்டு பயிற்சி இடங்களுக்குப் போகப்போகிறேன். கிழமை நாட்களில் மட்டும்தான் வகுப்பு என்று ஓரிடத்தில் சொன்னார்கள், சனி ஞாயிறு வகுப்பு இருக்கிற இடம் ஒன்றைத் தேடுகிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு வாங்கிய சக்கரக்கதிரையை யாருக்கோ கொடுக்க என்று வைத்திருந்தவ, அதைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டா. பழகுவதற்கு உதவுமாம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்தப் பக்கத்து ஒழுங்கை அம்மா நேற்றும் கேட்டா. கடை பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய் ஐயாவைக் கழுவி, கிணற்றடியில் வார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். அயல்தானே, காசு வாங்குவதா விடுவதா?

கொக்குவில் அக்கா எழுதுகிறார்:

வாங்குங்கள். அயல் என்று இன்றைக்குச் சும்மா செய்தால், நாளைக்குச் சான்றிதழோடு போய்ச் சம்பளம் கேட்க உங்களுக்கே வாய் வராது. கனடா மகனோடு நீங்களே ஒருக்கால் கதைத்து, ஒரு ஞாயிறுக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். அந்த அம்மாவைக் காசுக் கதைக்குள் இழுக்க வேண்டாம், அவ பாவம், மரவள்ளிக்கிழங்கும் முட்டையும் கட்டித் தந்து சமாளிக்கப் பார்ப்பா. கிழங்கையும் வாங்குங்கள், அது வேறு கணக்கு.

முதல் ஞாயிறு போனவுடன் வார்க்கத் தொடங்காதீர்கள். ஐயாவோடு கொஞ்சம் கதைத்து, எந்தப் பக்கம் பலம், எழும்பி நிற்கத் தாங்குகிறாரா, காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக் கொப்பியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாரத்தோடு போகவேண்டாம், தூக்கும்போது காலில் தடக்கும். அரைக் காற்சட்டை, பின்பக்கம் வார் உள்ள செருப்பு. நகத்தை ஒட்ட வெட்டி, கலியாண மோதிரத்தைக் கழற்றி மனிசியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், வயதானவர்களின் தோல் மோதிரம் பட்டாலே கிழியும்.